இரண்டு பேர் பாரம்

தொண்ணூற்றாறாம் வருஷம் தை பிறந்ததிலிருந்து ஆழியாறு அணையில் கிருபாசங்கரின் படகு இரண்டு பேர் பாரத்துக்கு அமிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. படகில் இருந்தது அவன் ஒருவன்தான். இன்னொருவர் உட்கார அதில் இடமும் கிடையாது. கோயமுத்தூர் மில் ஒன்றுக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது அங்கே ஃபிட்டராக இருந்த கிருபாசங்கருக்கு விட்டுப்போன சாமான் அது. கயாக் என்று பெயர். ஆள் நீளத்துக்கு இரண்டு பங்கு நீளம், இடுப்பளவு அகலம், ஆரஞ்சு நிறம், நடுவில் ஒரே ஒரு குழி. குழிக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் பட்டை வைத்த துடுப்பால் இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு என்று போக வேண்டும். அணையில் பரிசல் போட்டு வலை வீசுகிறவர்கள் பார்த்த அன்றே அதற்கு முருங்கைக்காய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாரம் கூடியதை முதலில் கண்டவர் பரிசல்காரர் சுப்பையன். படகின் விலாவில் வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. ஒருவர் ஏறினால் அது தண்ணீருக்கு நாலு விரல் மேலே நிற்கும். தை முதல் அது தண்ணீருக்குள் போனது. போதாததற்கு, கிருபாசங்கர் தன் முதுகுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த இரண்டாவது தூண்டிலின் ராட்டை ஆள் தொடாமல் சுற்றியது. மீன் கவ்விய உடனே இழுக்காமல், அது இரையை விழுங்கும்வரை விட்டுப் பிடித்துச் சுற்றியது. கட்லாவும் ரோகும் கையால் பிடித்ததைவிட அதில் நிறைய விழுந்தன. சுப்பையன் இதை டீக்கடையில், சந்தைக்குக் கத்தரிக்காய் வந்திருப்பதைச் சொல்வதுபோல் சொன்னார். “ஆளு ஒண்ணு, பாரம் ரெண்டுங்க. பார்த்ததைச் சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்.”

இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார்கள். கல்யாணம் வேண்டாமென்று நாற்பது வயதுவரை நின்றுவிட்டவன், விடியும் முன்னே தனியாகத் தண்ணீருக்குள் போகிறவன், பனி கலையும்போது திரும்புகிறவன். முதல் வாரம் அந்தப் பாரம் சந்தனக்கட்டை என்றார்கள். வனத்துறைக்காரர்கள் வந்து படகைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அது வால்பாறை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிற ஒரு பெண் என்றார்கள். பெண் என்று ஆனதும் பேச்சு அங்கேயே நிலைத்துவிட்டது.

பேச்சு திருமூர்த்தியின் காதுக்கு வந்து சேர்ந்தபோது அவர் வீட்டில் மாவிலை கட்டியிருந்தது. ஒரே மகள் லோகப்பிரியாவைக் கோபிசெட்டிபாளையத்தில் கொடுப்பதாகப் பேசி, பங்குனியில் நிச்சயமும் முடித்து, வைகாசியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மதன்குமாருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் அப்பா நஞ்சுண்டன் வாழைமண்டிக்காரர். கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே, மரியாதை குறையாமல் கேட்கிறவர். திருமூர்த்தியின் சிக்கல் இதுதான்: கிருபாசங்கர் அவருடைய மச்சினன். இறந்துபோன மனைவி ராசாத்தாளுக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவனே. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் இந்தப் பக்கத்தில் ஒரு பெண் மணவறை ஏறியதில்லை. பெயர் கெட்ட மாமன் கட்டினால் சம்பந்தி வீட்டார் எழுந்து போவார்கள். மாமனே இல்லாமல் போனால் மணவறையே இல்லை.

திருமூர்த்தி யாரிடமும் கைநீட்டாதவர், யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்காதவர். ஆனைமலைத் தேர்வீதியில் அவர் ஸ்கூட்டர் வருவதை ஒரு ஃபர்லாங் முன்பே தெரிந்துகொள்ளலாம். முதுகை நிமிர்த்தி, உடம்பை லேசாக வலப்பக்கம் சாய்த்து ஓட்டுவார். அதை ஊரில் மிடுக்கு என்றார்கள். அவர் வீட்டில் ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு; மீன் மட்டும் வாசப்படி தாண்டக் கூடாது. அப்பா காலத்துச் சட்டம், அதற்குமேல் அவரும் காரணம் கேட்டதில்லை. ராசாத்தாள் ஆற்றங்கரை வீட்டில் பிறந்து, அப்பாவின் பரிசலில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் பிறந்தகம் போய்வந்தால், தோட்டத்து மோட்டார் ரூமிலேயே குளித்துச் சேலை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனால் அதில் அவளுக்கு வருத்தமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறகு பிறந்தகம் போவதே குறைந்தது. தொண்ணூற்றொன்று ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் அவள் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, மின்சார விளக்கு வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று அவர் வெகு நாள் பார்த்திருந்தார். விளக்கு ஒரு தடவைகூட அசையவில்லை. சரி, நிம்மதியாகப் போயிருக்கிறாள் என்று இருந்துவிட்டார்.

இப்போது அவர் விடியலில் எழுந்து ஸ்கூட்டரை அணைக்கு விட்டார். மூன்று வாரம், கையில் குடையோடு, ஒரு புளியமரத்தின் மறைவில் நின்று மச்சினனை வேவு பார்த்தார். மறைந்து நிற்பது அவருக்கு வாழ்நாளில் அதுவே முதல் தடவை என்பதால் அது சரியாக வரவில்லை. பரிசல்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எஸ்டேட் ரோட்டிலிருந்து எந்தப் பெண்ணும் இறங்கவில்லை. அக்கரையில் யாரும் காத்திருக்கவில்லை. படகு கரையிலிருந்து தள்ளும்போதே அமிழ்ந்தது, திரும்பும்போதும் அமிழ்ந்தே வந்தது. பனி மூட்டத்தில் தூண்டில் ராட்டை சுற்றுவது மட்டும் கேட்டது. பெண் இல்லையென்று உறுதி ஆக ஆக அவருக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது. ஒருத்தியைப் பார்த்திருந்தால் காலை வெட்டுவேன் என்று ஒரு சத்தம் போட்டு விஷயத்தை முடித்திருப்பார்.

ஒரு நாள் கிருபாசங்கர் மீனை எடைபோடப் போயிருந்த நேரம் கரையில் கிடந்த படகைச் சோதித்தார். ஒரு கையால் தூக்க முடிந்தது. குழிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். விரலால் தட்டிப் பார்த்தார், முற்றிய சுரைக்காய்போல் ஒலித்தது. அவன் பையைத் திறந்தார். மைதா மாவு உருண்டை, தூண்டில் முள், காப்பி பிளாஸ்க், இரண்டு எவர்சில்வர் டம்ளர். இரண்டும் நனைந்திருந்தன. நிமிர்ந்தபோது கிருபாசங்கர் எதிரில் நின்றான்.

“என்னத்துக்குடா ரெண்டு டம்ளர்?”

“ஒண்ணு எனக்குங்க மாமா.”

“இன்னொண்ணு?”

“குடிக்கறவங்களுக்குங்க.”

“ஆரு அவ?”

கிருபாசங்கர் டம்ளர்களை வாங்கி ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டான். “கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க மாமா. நானாச் சொல்ற பேச்சு இல்லீங்க அது,” என்றான். திருமூர்த்திக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கல்யாணம் முடிகிறவரை படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்றார். அவன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் இறக்கினான்.

சித்திரையில் ஒரு காலை, அணைக்கரையில் வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. நஞ்சுண்டன் சொல்லாமல் கொள்ளாமல் கோபியிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்திருந்தார். புளியமரத்தடியில் குடையோடு நின்ற சம்பந்தியைக் கண்டதும் வணக்கம் வைத்தார். “ஊட்டுக்குத்தான் போனனுங்க. நீங்க தெனமும் இங்கதான் இருக்கறீங்கன்னு பாப்பா சொல்லுச்சுங்க. நல்லதாப் போச்சு, நானும் அந்தப் படகைப் பார்க்கத்தானுங்க வந்தேன்.” அவர் செருப்பைக் கழற்றி விட்டுத் தண்ணீர் ஓரமாக வந்து நின்றார். “தப்பா நெனைக்கப்படாதுங்க. நாளைக்கு எம்பட மருமகளுக்குப் பட்டம் கட்டற கை. அதுல சந்தேகம் இருக்கப்படாதுங்க. கொடிவேரித் தண்ணி குடிச்சு வளந்தவனுங்க நானு, படகு பார்த்தா பாரம் தெரியும்.”

கிருபாசங்கர் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் படகை நீரில் விட்டான். குழிக்குள் இறங்கினான். படகு ஒருமுறை அமிழ்ந்தது. அவன் துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு, பின்னால் யாரோ ஏறுவதற்குக் காத்திருப்பவன்போல் அசையாமல் இருந்தான். படகு இரண்டாம் முறை அமிழ்ந்தது. வெள்ளைக் கோடு மறைந்தது. சற்றுத் தள்ளிப் பரிசலில் இருந்த சுப்பையன், “இதாங்க,” என்றார், அதிகாரிக்கு எல்லைக்கல் காட்டுகிறவர் மாதிரி.

இத்தனை நாள் மரத்தடியிலிருந்து பார்த்ததில் திருமூர்த்தி ஒன்றைக் கவனித்ததில்லை. அவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் நின்றார். இரண்டாவது பாரம் படகை நேராக அமிழ்த்தவில்லை. இடப்பக்கமாகச் சாய்த்தது. கிருபாசங்கர் அதைச் சமன்செய்ய உடம்பை வலப்பக்கம் சாய்த்தான். கரையில் நின்ற திருமூர்த்தியின் உடம்பும் தானாக வலப்பக்கம் சாய்ந்தது. இருபத்திரண்டு வருஷம் ராசாத்தாள் அவர் ஸ்கூட்டரின் பின்னால், இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு, கம்பியைக்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்து வந்தவள். அந்தப் பாரத்துக்கு அவர் உடம்பு சாய்ந்து பழகியிருந்தது. பின் சீட் காலியான பிறகும் நிமிரவில்லை. ஊர் மிடுக்கு என்று சொன்னது அதைத்தான்; கேட்டுக் கேட்டு அவரும் மிடுக்கு என்றே நம்பியிருந்தார்.

நஞ்சுண்டன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். “ஆருங்க அது?”

திருமூர்த்தி மனதுக்குள் கணக்குப் போட்டார். தெரியாது என்றால் மச்சினன் பெயர் கெடும், மகள் கல்யாணம் நிற்கும். தெரியும் என்றால் கெடுவது அவருடைய பெயர். கூடத்தில் மாலையும் விளக்கும் இருக்க, செத்தும் புருஷன் வீடு திரும்பாமல் மீன் படகில் போய் உட்கார்ந்திருக்கிறாள் பொண்டாட்டி என்று நாளைக்குக் கோபிவரை பேசுவார்கள். ஐந்து வருஷமாக அசையாத விளக்கு நினைவுக்கு வந்தது. தண்ணீரில் இரண்டாவது தூண்டில் தானாக எழுந்து, அவரைப் பார்ப்பதுபோல் கரைப் பக்கம் திரும்பி நின்றது.

“எம்பட ஊட்டுக்காரிங்க,” என்றார்.

நஞ்சுண்டன் படகைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “காலமாயிட்டாங்கன்னு சொன்னீங்களேங்க?”

“ஆமாங்க. வர ஐப்பசிக்கு அஞ்சு வருசமாகுதுங்க.”

“அப்புறம் ஏனுங்க, உங்க ஊட்டுக்கு வராம அங்க போய்...?”

திருமூர்த்தி முதுகை நிமிர்த்தினார். “எங்கூட்டுல மீனு இல்லீங்க.”

நஞ்சுண்டன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இப்போது சந்தேகம் இல்லை, கவலை இருந்தது. சம்பந்தியம்மா இல்லாத வீடு என்று நினைத்து அவர் வீட்டுப் பெண்கள் புடவை எடுத்திருந்தார்கள். பெண்ணின் தாய்க்குச் சேலை வைக்காமல் சீர்த்தட்டு வந்தால், தப்பு அவர்கள் பக்கம் நிற்கும். “இதை நீங்க நிச்சயத்தன்னிக்கே சொல்லியிருக்கோணுமுங்க,” என்றார் குறையாக. “இனி இன்னொருக்கா ஈரோட்டுக்குப் போகோணும். சம்பந்தியம்மாளுக்கு என்ன கலரு புடிக்குமுங்க?”

திருமூர்த்தி வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை. தண்ணீரிலிருந்து கிருபாசங்கர் தலையைப் பின்னால் சாய்த்து எதையோ கேட்டுவிட்டு, “அரக்குங்க! சரிகை சின்னதாப் போதுமாமுங்க!” என்று சத்தமாகச் சொன்னான்.

வைகாசியில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. கிருபாசங்கர் பட்டம் கட்டினான். கோபிக்காரர்கள் தட்டில் வைத்த அரக்குச் சேலையை மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். தாலி கட்டி முடித்துப் பார்த்தபோது அதன் முந்தி நனைந்திருந்தது. நஞ்சுண்டன் வீட்டுப் பெண்கள் நாற்காலிக்கும் குங்குமம் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். எஸ்டேட் பெண்ணின் பேச்சு டீக்கடையில் அதோடு நின்றது.

மறுவீடு முடிந்த அடுத்த வாரம் திருமூர்த்தியே மச்சினனுக்கு ஆள் விட்டார். அவன் வாழையிலையில் சுற்றிய ரோகு ஒன்றோடு வந்து, அக்காள் நின்ற இடத்தில் நின்று, பழக்கமாக மோட்டார் ரூம் பக்கம் திரும்பினான். “அங்க எங்கடா போற?” என்றார் திருமூர்த்தி. “குளிச்சுப்போட்டெல்லாம் வர வேண்டாம். நேரா உள்ள வா.” சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னால் இன்னொருவர் நுழைய வழிவிட்டு வாசலில் ஒதுங்கி நின்றார். கிருபாசங்கர்தான் குழம்பு வைத்தான். திருமூர்த்தி அதைத் தொடவில்லை. அப்பா காலத்துச் சட்டம் அவர் அளவில் இன்றும் உண்டு. மூன்றாவதாக ஓர் இலை போட்டு, பரிமாறச் சொல்லி, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முள்ளை யாரோ இலை ஓரத்தில் சுத்தமாக வரிசை வைத்திருந்தார்கள்.

அதன்பின் அணையில் படகின் வெள்ளைக் கோடு சில நாள் நீருக்குள்ளும் சில நாள் மேலேயும் இருந்தது. மேலே தெரிகிற நாளில் சுப்பையன், “இன்னிக்கு அம்மணி ஊட்டுல இருக்கறாங்க,” என்று சொல்லி வலையை எடுப்பார். தேர்வீதியில் திருமூர்த்தியின் ஸ்கூட்டர் பழையபடி வலப்பக்கம் சாய்ந்தே போனது. பஞ்சர் கடைக்காரர் மட்டும் ஒருமுறை, பின் டயருக்குக் காற்று அடிக்கும்போது, ஒருத்தருக்கா ரெண்டு பேருக்கா என்று கேட்டார்.

“ரெண்டு பேருக்கு,” என்றார் திருமூர்த்தி. கடைக்காரர் மீட்டரைப் பார்த்து ரெண்டு பேருக்கு அடித்தார்.