கோடு போட்ட போல்ட்

பதினொன்று நாற்பதுக்கு வண்டி ஷட்டரைத் தாண்டித் தெருவில் இறங்கியது. ஓட்டிப் போனவர் மாஸ்டரின் தங்கை கணவர்.

மாஸ்டர் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். முதல் கியர், இரண்டு, மூன்று. எங்கும் தடங்கல் இல்லை.

புதிதாகச் செய்த பைக், ஐந்து மாத வேலை. சேசிஸ், மாஸ்டர் வெல்டிங் செய்தது. இன்ஜினை ஏழு தடவை பிரித்துப் பூட்டியிருந்தார். சீட் தங்கை தைத்தது. பின்னறையில் அவளுடைய தையல் மெஷின் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது மாப்பிள்ளையின் வேலை. கடையே அந்த மூன்று பேர்தான்.

"இருபது நிமிஷம் அறுபதைத் தாண்டாதீங்க மாப்ளே," என்று சொல்லி அனுப்பியிருந்தார். "இன்ஜின் சூடாகட்டும். அப்புறம் குடோனுக்குப் பின்னாடி நேர் ரோடு. ஒரே ஒரு தடவை முழுசா திருகுங்க. கடைசியில முன் பிரேக்க நல்லா அமுக்கிப் பாருங்க."

"முழுசான்னா எவ்ளோ மச்சான்?"

"உங்களுக்குப் பயம் வர்ற வரைக்கும்."

"அப்ப பெட்ரோல் தீர்ற வரைக்கும்னு சொல்லுங்க. கோடு போட்டது நீங்க. எனக்கென்ன பயம்?"

கோடு என்பது அந்தக் கடையின் வழக்கம். ஒரு போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவார்கள். சரியான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சத்தம் போடும். உடனே போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் போல்ட் இறுகியிருக்கிறது. பிறகு அது லேசாகத் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ரெஞ்ச் வைக்காமல் கோடு போட்டதற்காக, பதினோரு வருஷம் கூட இருந்த வெல்டரை மாஸ்டர் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மாஸ்டர் அசையவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் கோடு மாஸ்டர் என்றே பெயர்.

இன்று காலையிலும் டார்ச் அடித்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். நாற்பத்து மூன்று. எல்லாம் முழுசாக இருந்தன.

கால் மணி நேரம் கழித்து போன் சிணுங்கியது. வண்டியைச் செய்யச் சொன்ன பல் டாக்டர் போட்டோக்கள் அனுப்பியிருந்தார். முந்தாநாள் பெரிய கேமராவோடு வந்து எடுத்தவை. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். டாங்க். புகைக்குழாய். முன் சக்கரம்.

முன் சக்கரத்தை விரலால் பெரிதாக்கினார். பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் தெரிந்தது. அதை ஃபோர்க்கோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகள். இரண்டிலும் வெள்ளைக் கோடு.

காலிப்பருக்கு ஆயில் வரும் குழாய் போட்டோவில் இல்லை.

குழாய் மாட்டியது நேற்று. அதற்குப் பிறகுதான் அந்த போல்ட்டுகளை முறுக்க வேண்டும். அதற்கு முன்னால் கோடு எப்படி வந்தது?

வந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. "மாஸ்டர், அந்தக் கோடு இல்லாம போட்டோ மொட்டையா இருக்கு," என்று டாக்டர் சொன்னார். "என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் அதைத்தான் சொல்லி வச்சிருக்கேன்." மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கையால் திருகி நிறுத்தியிருந்த இரண்டு போல்ட்டுகளில் கோடு இழுத்துக் கொடுத்தார். போட்டோ முடிந்ததும் துடைக்கலாம் என்று நினைத்தார். அப்போது சீட் அளவுக்காகத் தங்கை கூப்பிட்டாள்.

நேற்று குழாயை மாட்டும்போது கோட்டைப் பார்த்து, ரெஞ்ச் வைத்தாயிற்று என்று விட்டுவிட்டார். இன்று டார்ச் அடித்தபோதும் பார்த்தார். கோட்டை மட்டும் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு போன் அடித்தார். கடைசி வரை அடித்து நின்றது. மறுபடி அடித்தார். ஓட்டும்போது போன் லெதர் பேன்ட்டுக்கு உள்ளே இருக்கும். ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது. தெரிந்தும் அடித்துக்கொண்டே பின்னறைக்கு ஓடினார்.

"ஸ்கூட்டர் சாவி குடு."

தங்கை மெஷினை நிறுத்தினாள். "எதுக்கு?"

"ஒரு போல்ட் வாங்கணும்."

"போல்ட்டா? ரெண்டு டின் நிறைய வச்சிருக்கே. மறை கழண்டுடுச்சா உனக்கு?"

"சாவிய குடுடி!"

அவள் முகம் மாறியது. அவர் அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "எதுக்குண்ணா இப்படி வேர்க்குது?" என்றாள். மாஸ்டர் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

ஸ்கூட்டர் அறுபதுக்கு மேல் போகவில்லை. பெட்ரோல் பங்கில் கால் ஊன்றி, "நம்ம புது வண்டி வந்துச்சா?" என்று கத்தினார்.

"இப்பத்தான் போச்சு மாஸ்டர்," என்றார் பெட்ரோல் போடுகிறவர். "என்னா சத்தம்! குடோன் பக்கம் போறேன்னாரு."

ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகினார். காலிப்பர் கழன்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது சக்கரத்துக்குள் சிக்கும். சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி ஓட்டுகிறவரைத் தூக்கி எறியும். எப்போது கழலும் என்பதுதான் தெரியாது. முன் பிரேக்கை அமுக்கும் நிமிஷமாக இருக்கலாம். அமுக்கச் சொன்னதும் அவர்தான்.

குடோன்களின் நீண்ட சுவரை ஒட்டித் திரும்பும்போது சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிகளுக்கு நடுவிலும் அவருக்குத் தெரிகிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், நேர் ரோட்டில். மூன்றாவது கியர். நான்கு. ஐந்து. சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஐந்து மாதமாக அவர் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது.

"வேணாம் மாப்ளே," என்று வாய்விட்டுச் சொன்னார். "வேணாம், வேணாம்."

சத்தம் பட்டென்று இறங்கியது. ஒரு தரம் உறுமியது. பிறகு ஒன்றும் இல்லை.

சுவர் முடிய இன்னும் முந்நூறு அடி இருந்தது. மாஸ்டர் தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். சுவர் முடியும் இடத்தில் திரும்பக் கை வரவில்லை. திரும்பினால் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பத்து வினாடி நின்றிருப்பார். பிறகு திரும்பினார்.

ரோட்டோரம் வண்டி ஸ்டாண்டில் நின்றது. மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"வாங்க மச்சான்!" என்றார். சிரித்தார். உதடு வெளுத்திருந்தது. "வேகம் ஏறிட்டே இருக்கு, முன்னாடி கடகடன்னு ஒரு சத்தம். பிரேக்க அமுக்கலாம்னு விரல வச்சேன். என்னமோ மனசு ஒப்பல. பின் பிரேக்லயே இழுத்து நிறுத்திட்டேன். இங்க பாருங்க."

கீழ் போல்ட் இருந்த இடத்தில் வெறும் துளை. மேல் போல்ட் இரண்டு சுற்றில் தொங்கியது. காலிப்பர் சாய்ந்து சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஒரு நூல் இடைவெளி.

மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்தார்.

"போல்ட் மட்டமான சரக்கு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "உங்க கைய மீறி கழண்டுச்சுன்னா வேற என்ன? வித்தவன நான் சும்மா விடப்போறதில்ல."

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. "மாப்ளே," என்றார்.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. எழுந்து, நெளிந்து, லெதருக்குள்ளிருந்து அதை வெளியே எடுத்தார். "உங்க தங்கச்சிதான்," என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கே இருக்கீங்க? அண்ணன் பேயறைஞ்ச மாதிரி ஓடுச்சு."

"இங்கதான் இருக்காரு. ஒண்ணுமில்லம்மா, நான் நல்லா இருக்கேன். பன்னெண்டே காலுக்கு முன் பிரேக் போல்ட் ஒண்ணு கழண்டுடுச்சு. வண்டிய நிறுத்தி ஒரு நிமிஷம்கூட ஆகல, உங்கண்ணன் உன் ஸ்கூட்டர்ல பறந்து வந்துட்டாரு. அவரு தெய்வம்."

"போனை அண்ணன்கிட்ட குடுங்க."

மாப்பிள்ளை நீட்டினார். மாஸ்டர் வாங்கிக்கொண்டார்.

"அண்ணா," என்றாள் தங்கை. அவள் குரல் தணிந்திருந்தது. "போல்ட் கழண்டது பன்னெண்டே காலுக்குன்னா, பன்னெண்டுக்கே நீ ஏன்ணா அப்படி ஓடுன?"