சைகோனில் மாறி ஏறிய வண்டி

பிரகதாம்பாள் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. திருச்சியிலிருந்து நேராக வியட்நாமுக்கு விமானம் இருக்கிறது என்று தெரிந்ததும், சென்னையில் வேலை பார்க்கும் மகள் காவ்யா அப்பா அம்மா இருவரையும் ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்த்துவிட்டாள். பிச்சைமுத்துவுக்கு வெளிநாடு புதிதில்லை. சவுதியில், தம்மாமில், இருபது வருடத்துக்கு மேல் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அன்னவாசலில் கார் ஏறியதிலிருந்தே அவர் சொல்லிக்கொண்டு வந்தார். பாஸ்போர்ட்டை இப்படிப் பிடி, கையெழுத்தை இங்கே போடு, யார் என்ன கேட்டாலும் நான் பேசிக்கொள்கிறேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர, பாதி காதில் விழவில்லை. பார்க்க அவ்வளவு இருந்தது.

அவர்கள் போய் இறங்கிய நகரத்துக்கு இப்போது ஹோ சி மின் என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான் என்று குழுவை அழைத்துப்போன விக்ரம் சொன்னான். திருச்சிப் பையன். சாலையைக் கடப்பதற்கே அவன் தனியாகப் பாடம் நடத்தினான். ஓடக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது, ஒரே சீராக நடந்தால் வண்டிகள் தானாக விலகிப் போகும்.

சாலை முழுக்க மோட்டார் சைக்கிள். தீபாவளிக்கு முந்தின நாள் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில்கூட அவள் அவ்வளவு வண்டியைக் கண்டதில்லை. ஆனால் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை, சந்தையைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது குழு ஒரு பெரிய சாலையைக் கடந்தது. பிரகதாம்பாள் கடக்கவில்லை. தோளில் ஒரு கழியும் கழியின் இரு முனையிலும் தட்டுக்கூடையுமாக ஒரு பெண் அந்த நெரிசலுக்குள்ளேயே நடந்து போனாள். ஒரு கூடையில் பழம், மற்றதில் எரிகிற அடுப்பு. அடுப்பு எப்படி ஆடாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பினால், ஆட்களைக் காணோம். மனைவி பின்னால்தான் வருகிறாள் என்ற நினைப்பில் பிச்சைமுத்துவும் எதிர்ப்பக்கம் போய்ச் சந்துக்குள் மறைந்துவிட்டார்.

சாலையில் காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தைரியம் வரவில்லை. அவள் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. விடுதியின் பெயர் வாயில் நுழையாத பெயர்.

அப்போது பச்சைச் சட்டை போட்ட ஒருவன் அவள் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கையிலிருந்த போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஏதோ கேட்டான், ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான். காலையில்தான் விக்ரம் முழங்கால் வலிக்காரர் ஒருவரை, போனிலேயே வரவழைத்த இப்படிப்பட்ட வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தான். தன்னைக் கூட்டிவரவும் அவனே அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லி அவன் சைகை காட்டினான். அவள் புடவையைக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டு, அவள் ஒருபக்கமாக உட்கார்ந்ததும் மெதுவாகவே ஓட்டினான்.

வெளியே நின்றபோது பயமுறுத்திய கூட்டம் உள்ளே போனதும் வேறு மாதிரி இருந்தது. பக்கத்து வண்டிக்காரரின் முழங்கை தொடுகிற தூரத்தில் வந்தது, தொடவில்லை. ஒரு வண்டியில் நின்ற வாக்கில் குளிர்சாதனப் பெட்டி போனது. இன்னொன்றில் தண்ணீர்ப் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின, பைக்கு ஒரு சிவப்பு மீன். கண்ணைத் தவிர உடம்பு முழுவதையும் பூப்போட்ட துணியால் மூடிய ஒரு பெண் சிக்னலில் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். பிரகதாம்பாளும் தலையசைத்தாள். சாப்பாட்டுக் கடை இவ்வளவு தூரமா என்று அவளுக்குத் தோன்றியபோது ஒரு பாலத்தையே தாண்டியிருந்தார்கள்.

அவன் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தான். ஒரு பெண் குரல் அவனைப் பிடிபிடியென்று பிடித்தது. அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இது வேறொருத்திக்கு வந்த வண்டி. இருக்கையின் பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவனோ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். கொஞ்சம் கழித்து அவளுக்கும் சிரிப்பு வந்தது.

எங்கே போக வேண்டும் என்று கையால் கேட்டான். சாயங்காலம் குழு அந்த ஊரிலேயே இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தது, அது ஒன்றுதான் அவளுக்கு நினைவிருந்தது. மாரியம்மன் என்றாள். அவனுக்குப் புரியவில்லை. கும்பிட்டுக் காட்டினாள், பொட்டைத் தொட்டுக் காட்டினாள். அவன் நடைபாதையில் காப்பி விற்ற வயதான அம்மாளிடம் கேட்டான். அந்த அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொன்னாள். வண்டி திரும்பியது.

கோயில் வாசலில் இறங்கியபோது ஹெல்மெட் வாரை அவளுக்குக் கழற்றத் தெரியவில்லை. அவனே கழற்றினான். ரூபாய் நோட்டை நீட்டினாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, காத்திருக்கிற கோபக்காரியை நோக்கிப் பறந்தான்.

கோபுரம் நம்மூர்க் கோபுரம்தான். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஊர்க்காரர்கள். அலுவலகச் சட்டையும் காற்சட்டையுமாக வந்த பெண்கள் ஊதுபத்தியைக் கற்றையாக ஏற்றிக் கும்பிட்டார்கள். கருவறைக்குப் பின்பக்கம் போய், கல் சுவரில் முகத்தை ஒட்டி வைத்து ஏதோ முணுமுணுத்தார்கள். ஒருத்தி வெகுநேரம் பேசினாள். பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பங்குனி தோறும் போகிறவள் பிரகதாம்பாள். சுவரோடு பேசி அவள் பார்த்ததே இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து அவளும் போய் நெற்றியை வைத்தாள். கல் குளுகுளுவென்று இருந்தது. வேண்டிக்கொள்ள உடனே ஒன்றும் தோன்றவில்லை. அதனால் காலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். அடுப்புக் கூடை, சிவப்பு மீன், பாலம் எல்லாம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் போனைக் காட்டி, இணையம் இல்லை என்பதைக் கைவிரித்துச் சொன்னாள். அவள் தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். காவ்யா முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மா, எங்கம்மா இருக்க? அப்பா அழுவுறாரும்மா.”

“மாரியம்மன் கோயில்ல இருக்கேன். பத்திரமா இருக்கேன்னு சொல்லு. என்னது, அழுவுறாரா?”

ஒவ்வொரு லீவும் முடிந்து தம்மாமுக்குக் கிளம்பும்போதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறுகிற மனிதர் அவர்.

விக்ரமும் அவரும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். பிச்சைமுத்துவின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. திட்டப்போகிறார் என்று பிரகதாம்பாள் எழுந்து நின்றாள். அவர் வந்து அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அந்தச் சாலையில் அவள் பேரைக் கத்திக்கொண்டு பலமுறை போய்வந்தார், வண்டிக்காரர்கள் பயந்துபோனார்கள் என்று விக்ரம்தான் சொன்னான். சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல வாசலுக்குப் போனான்.

அவர் மூச்சு நிதானப்படும்வரை அவள் முந்தானையால் விசிறிவிட்டாள். பிறகு கேட்டாள்.

“நீங்க மொதமொத சவுதி போனப்ப இப்புடித் தொலைஞ்சு போனீங்களா?”

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை.

“போனேன்” என்றார். “மொத வாரத்துலயே. சோப்பு வாங்க எறங்குனேன். எல்லாக் கட்டடமும் ஒரே மாரி. எழுத்தும் தெரியாது. சாயந்தரம் வரைக்கும் சுத்திச் சுத்தி நடந்தேன். ஒரு வங்காளத்து டிரைவர்தான் கொண்டாந்து விட்டாரு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“போன்ல பேசுறது அஞ்சு நிமிசம். அதுல இதையா சொல்லுவாக.”

என்ன செருப்பு போட்டிருந்தீர்கள், அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், அந்த டிரைவரோடு எந்தப் பாஷையில் பேசினீர்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவர் பிறகு கேட்காததையும் சொன்னார். சாப்பிடக் கூப்பிட வந்த விக்ரமிடம், நீங்கள் போங்கள் தம்பி, நாங்கள் இங்கேயே இருக்கிறோம், எப்படியும் சாயங்காலம் எல்லோரும் இங்கேதானே வரப்போகிறீர்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். எதிர்க்கடையில் சூப்பில் மிதந்த அரிசிச் சேவையை இருவரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதில் என்ன கீரை போட்டிருக்கிறது என்பதில் கொஞ்சம் தகராறு வந்தது.

குழு வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களைக் கூட்டிப்போய், சுவரில் எந்த இடத்தில் நெற்றி வைப்பது என்று காட்டினாள்.

மீதி நாட்களில் பஸ்ஸிலும் படகிலும் விடுதி வராந்தாவிலும் அவள் கேட்டாள், அவர் சொன்னார். திருச்சியில் இறங்கி அன்னவாசலுக்குக் கார் ஏறும்போது, சொல்லி வந்த தம்மாம் கதையில் அவர் இரண்டாவது வருடத்துக்குத்தான் வந்திருந்தார்.