இடம் மாறிய புகை

கண்ணாடி ஆலையின் புகைக் கணக்கைச் சரிபார்க்க அரசு ஆய்வாளரான அவள் போனபோது மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். அந்த மாவட்டத்தில் கரிமப் புகைக்கு வரம்பு வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வரம்புக்குள் நிற்கிற ஆலை மிச்சமாகும் புகை அனுமதியை மற்ற ஆலைகளுக்கு விற்கலாம். மீறுகிற ஆலை வாங்கியாக வேண்டும். இந்த ஆலை ஒரே வருடத்தில் புகையைப் பாதியாகக் குறைத்திருந்தது.

"பழைய உலையைத் தூக்கிக் கடாசிட்டோம் மேடம்" என்றார் மேலாளர்.

புது உலை நல்ல உலைதான். மீட்டரிலும் குளறுபடி இல்லை. ஆனால் அந்த உலை உருக்கக்கூடியதைவிட இரண்டு மடங்கு பாட்டில்கள் லாரி ஏறியிருந்தன. அது அவளுக்கு உறுத்தியது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மாவட்டம். அங்கே வரம்பு கிடையாது. அக்கா வீடும் அங்கேதான். அக்காவின் கணவரான மாமாவுக்கு ஏதோ உலையில் வேலை கிடைத்திருப்பதாக அக்கா போன மாதம் சொன்னது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் பாலத்தைக் கடந்தாள். மாமா வேலை செய்கிற தகரக் கொட்டகைக்குள் அதே பழைய உலை நின்றது. இரண்டு வருடம் முன்பு ஆலையில் அவளே எண்ணைக் குறித்துக்கொண்ட தகட்டைக்கூடக் கழற்றவில்லை. இப்போது மட்ட ரக நிலக்கரியில் எரிந்துகொண்டிருந்தது.

"வாம்மா, வா!" மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வெள்ளைச் சட்டை போடறதையே விட்டாச்சு. இங்க எல்லாம் சாம்பல் கலர்தான்." சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அடுத்து அவள் போன வீட்டில், கரி படியாமலிருக்க அக்கா துணிகளை உள்ளே உலர்த்தியிருந்தாள். தங்கை எதற்கு வந்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒண்ணரை வருஷம் வேலை இல்லாம அந்த மனுஷன் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. இப்பத்தான் தலை நிமிர்ந்து நடக்கறாரு. எதையாவது எழுதித் தொலைக்காதே."

"எழுதலைன்னா இந்தப் புகை இல்லவே இல்லைன்னு நான் கையெழுத்துப் போடணும்க்கா."

"போடேன்! யாரு கேக்கப் போறாங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினாள்: புகை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, மொத்தத்தில் கூடியிருக்கிறது. அக்கரைக்கும் அதே வரம்பு வேண்டும். தன் மாமா அங்கே வேலை செய்வதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

ஆலையின் புகை அனுமதிகள் ரத்தாகின. ஒளித்துவைத்துப் பயனில்லை என்றானதும் ஆலைக்காரர்கள் அக்கரை உலையை மூடினார்கள். மாமாவும் சேர்த்து நாற்பது பேர் வேலை இழந்து வீட்டுக்குப் போனார்கள். அக்கா போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அக்கரைக்கும் வரம்பு வந்தது. அங்கே புது உலை வைத்தார்கள். அதற்குப் பதினோரு பேர் போதும். மாமா அதில் இல்லை. அவருக்குச் சரக்குக் கிடங்கில் பாதிச் சம்பளத்துக்குக் காவல் வேலை கிடைத்தது.

அந்த வாரமே அவள் அக்கா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். மாமாதான் திறந்தார். இருமல் நின்றிருந்தது, ஆள் இளைத்திருந்தார்.

"உள்ள வா. உங்க அக்கா பேச மாட்டா. சாப்பாடு போடுவா."

அக்கா தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். தங்கை தலை குனிந்து சாப்பிட்டாள்.