பதினோராவது வளைவில் ஓர் அடுப்பு

ரொட்டி அடுப்பை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டி முடித்தபோது காலை ஏழு மணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ரொட்டிக்காரர் நிறுத்தவில்லை. கடை வாசலில் நின்ற மாவு பிசையும் மிஷினையும் ஏற்றச் சொல்லிக் கை காட்டினார்.

"மாப்ள, கொஞ்சம் நில்லுங்க," என்றார் மெக்கானிக். ரொட்டிக்காரரின் மனைவிக்கு அண்ணன் அவர். "இந்தக் கார் ஒன்றரை டன்தான் இழுக்கும். ட்ரெய்லரும் அடுப்புமே அவ்வளவு ஆச்சு. மிஷின் அடுத்த ஞாயிறு போகட்டும்."

"அடுத்த ஞாயிறா? உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க மச்சான். இது ஆட்டோமேட்டிக் வண்டி. கியர் தானா மாறிக்கும். நமக்கு மிதிக்கிற வேலைதானே?"

"கியர் தானா மாறும். எடை தானா குறையாது. ரெண்டு வருஷம் ஆக்கப் பொறுத்தீங்க, ஒரு வாரம் ஆறப் பொறுக்கக் கூடாதா?"

ஊருக்கெல்லாம் ரொட்டி ஆறும்வரை காத்திருந்து நறுக்கிக் கொடுத்த மனிதர்தான். ஆனால் இந்த ஒரு வாரம் அவருக்கு மலையாகத் தெரிந்தது. மனைவி மலைமேல் இருக்கும் ஊரின் ஆஸ்பத்திரியில், விபத்து வார்டில் நர்ஸ். மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம். மகளும் அவளோடு போய்விட்டாள். இவர் கடையைக் கட்டிக்கொண்டு கீழேயே கிடந்தார். இப்போதுதான் மனைவி குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு கடை காலியானது. மகள் அங்கே தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டங்கள் போட்டு, "இது அடுப்புக்கு, இது மிஷினுக்கு" என்று படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஆறு வயசு. இங்கே மிஷின் இருக்கும்வரை பழைய கடைக்குக் காவலாக இவரும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் இவருடைய பாயும் அங்கே காலிதான்.

மிஷின் ஏறியது. ட்ரெய்லரின் டயர்கள் பிதுங்கின. மெக்கானிக் கடைசியாக ஜன்னல் பக்கம் குனிந்தார். "மேட்டுல லோ கியர்லயே போங்க, தானா மாறுற டி-யில விட்டுடாதீங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சா கியர் ஆயில் கொதிக்குதுன்னு அர்த்தம். ஓரங்கட்டி ஆற விடுங்க. பதறாத காரியம் சிதறாது."

லோ கியரில் வண்டி ஊர்ந்தது. மூன்றாவது வளைவிலேயே ரொட்டிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை; டி-க்குத் தள்ளினார். கியர் ஏறுவதும் இறங்குவதுமாக வண்டி முக்கியது. ஏழாவது வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதே நேரத்தில் போனும் அடித்தது.

"அப்பா, எத்தனாவது வளைவு?"

"ஏழு கண்ணு."

"பதினொண்ணுல பாத்தா நம்ம மொட்டை மாடி தெரியும். நான் சிவப்புத் துண்டு ஆட்டிக்கிட்டே இருப்பேன். சீக்கிரம் வாங்கப்பா, கை வலிக்கும்."

பாவம், குழந்தை வேறென்ன சொல்லும்? விளக்கைப் பார்த்தார், மெக்கானிக் சொன்னதும் நினைவுக்கு வந்தது. காதில் மட்டும் 'சீக்கிரம்' என்ற ஒரு சொல்தான் நின்றது. ஓரங்கட்டவில்லை.

பதினோராவது வளைவில் மேலே மொட்டை மாடி தெரிந்தது. அதில் விரல்நகம் அளவுக்குச் சிவப்பாக ஒன்று ஆடியது. கண் கலங்க, மிதியை இன்னும் அழுத்தினார். எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. கருகிய எண்ணெய் நாற்றம் அடித்தது. பிறகு கார் மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது.

பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். பாரம் விடவில்லை, ட்ரெய்லர் ஒரு பக்கமாகத் திரும்பிச் சறுக்கியது. பின்னால் ஒரு ஸ்கூட்டர். கணவன், மனைவி, நடுவில் நாலு வயதுப் பெண் குழந்தை. ட்ரெய்லர் அவர்கள் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"அண்ணே, காலை எடுத்துடாதீங்க," என்று கத்திக்கொண்டே அந்த மனிதன் ஓடி வந்து சக்கரங்களுக்குக் கல் வைத்தான். வைத்து முடித்ததும் திரும்பிப் போய்க் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

மேலே துண்டு ஆடுவது நின்றுபோனது. அரை மணி நேரத்தில் மனைவி மகளோடு ஒரு ஜீப்பில் வந்து இறங்கினாள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எத்தனை ராத்திரி நினைத்திருப்பார். அவள் அவரைத் தாண்டி நேரே அந்தக் குழந்தையிடம் போனாள். கை, கால், தலை எல்லாம் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"ஏங்க, இந்தக் குழந்தையை எங்க வார்டுக்குத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. நான்தான் கட்டுப் போட்டிருப்பேன். அதுக்கப்புறம் உங்க முகத்தை எப்படிங்க பாத்திருப்பேன்?"

உங்களுக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல வெட்கமாக இருந்தது.

மெக்கானிக் மதியம் மீட்பு லாரியோடு வந்தார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு மாப்ள. சாமான் வந்து மாட்ட ஒரு மாசம் ஆகும்," என்றார். ஒரு வாரம் பொறுக்காதவருக்கு ஒரு மாசம்.

காரையும் பாரத்தையும் இழுத்துக்கொண்டு லாரி கீழே கிளம்ப வேண்டும்; பழைய கடைக்குக் காவலாக ரொட்டிக்காரரும் கூடப் போக வேண்டும். மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வீடு தெரியுது. நடந்தே போயிடலாம்பா."

"வர்றேன் கண்ணு. வண்டி சரியானதும் ரெண்டு தடவையா வர்றேன். முதல்ல அடுப்பு, அடுத்த வாரம் மிஷின்." அவள் கையிலிருந்த சிவப்புத் துண்டை வாங்கி, ட்ரெய்லரின் பின்முனையில் இறுக்கிக் கட்டினார்.

"அதை ஏன்பா அங்க கட்டறீங்க? உங்களுக்குத்தானே ஆட்டினேன்?"

ரொட்டிக்காரர் ஸ்கூட்டர் நின்றிருந்த இடத்தை ஒரு முறை பார்த்தார். "பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும்மா," என்றார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம ஆசைக்கு எடை பார்க்க முடியாது. வண்டிக்குப் பாத்துத்தான் ஆகணும். அதை மீறி ஏத்தினா, அந்தப் பாரம் பின்னால வர்ற எவனோ ஒருத்தன் பிள்ளை மேல போய் விழும். அவனுக்கும் வீடு இருக்கு, அங்கயும் யாரோ காத்துக்கிட்டு இருக்காங்க."