பஞ்சுவுக்குச் சாதம் போட்டாச்சா?

டாக்டர் பீர் முஹம்மது பஞ்சுவைத் தூக்கித் தராசில் நிற்க வைத்தார். அது நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டது. முள் பதின்மூன்று கிலோவைத் தாண்டிப் போய் நடுங்கி நின்றது.

"போன தடவை ஒன்பதரை," என்றார் டாக்டர், பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டே. "இந்த சைஸ் நாய்க்கு ஆறு கிலோ போதும் சார். ஏழு இருந்தாலே நான் திட்டுவேன்."

வெங்கடரமணன் குற்றவாளியைப் போல நின்றார். டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் ஒரு நாயின் எடைக்காகத் தலைகுனிந்து நிற்க வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை.

"இருமல்?"

"வாத்து கத்தற மாதிரி இருக்கு டாக்டர். நாலு படி ஏறினா வந்துடறது."

டாக்டர் பஞ்சுவின் கழுத்தை இரண்டு விரல்களால் மெதுவாக அழுத்தினார். உடனே அந்த வாத்துச் சத்தம் வந்தது. "பார்த்தீங்களா? கொழுப்பு அமுக்கி அமுக்கி மூச்சுக்குழாய் நசுங்கிக்கிட்டு வருது. முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. ஹார்ட் ரெண்டு நாய்க்கு வேலை செய்யுது. நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது சார். மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்கணும். இதுக்கு மூச்சே கஷ்டம். மே மாச வெயில் வர்றதுக்குள்ள மூணு கிலோவாவது இறங்கணும். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் அளந்து. பிஸ்கட், நெய், தயிர் எதுவும் கூடாது. வீட்ல யாரு போடறது?"

"என் மிஸஸ்."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசறேன்."

"பேசலாம் டாக்டர். உங்க வாசல்ல செருப்பு மாட்டறதுக்குள்ள அவளுக்கு மறந்துடும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு சீட்டை மடித்துக் கொடுத்தார்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம் பிப்ரவரி மாதம். சூடாமணிக்கு மறதி ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் நடத்தியவள். ராமஹ, ராமௌ, ராமாஹா என்று சப்த ரூபங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இப்போதும் சொல்வாள். ஆனால் காலையில் காப்பி குடித்தோமா என்பது பத்து நிமிஷத்தில் நழுவிவிடும். நரம்பு டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்து, மூளை சுருங்குகிறது என்றும், மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை என்றும், பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் எத்தனையோ விஷயங்களை மறந்தாள். பஞ்சுவுக்குப் பசிக்கும் என்பதை மட்டும் மறக்கவில்லை. பூனாவில் இருக்கும் மகள் ஸ்ரீரஞ்சனி கல்யாணமாகிப் புக்ககம் போன அந்த வருஷம் வந்த குட்டி அது. வெள்ளை வெளேரென்று உள்ளங்கையில் அடங்கியதால் பஞ்சு என்று பெயர் வைத்ததே சூடாமணிதான். காலை எட்டு மணிக்குத் தயிர்சாதம் பிசைந்து போடுவாள். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். கை ஈரம் காய்வதற்குள், "ஏன்னா, பஞ்சுவுக்கு இன்னும் சாதமே போடலையே!" என்று பதறிக்கொண்டு மறுபடியும் பிசைவாள். பஞ்சுவும் சமையலறை வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் தட்டு வரும் என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? போட்டால் தின்னும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய் வந்த அன்றே வெங்கடரமணன் வேலையில் இறங்கினார். ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் 'பஞ்சு சாப்பிட்டாகிவிட்டது' என்று எழுதி, அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டினார். சூடாமணி அதை நின்று படித்தாள்.

"யார் எழுதினா இதை?"

"நான்தான்."

"எதுக்கு இப்படிப் பொய் எழுதி ஒட்டியிருக்கேள்? அதும் முகத்தைப் பாருங்கோ. நேத்திலேந்து சாப்பிடாத முகம்."

அடுத்து, சோற்றுப் பாத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் தன் தட்டில் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டாள். கால்நடை டாக்டர் யோசனை சொன்னபடி, வேகவைத்த பீன்ஸையும் காரட்டையும் சாதம் மாதிரி பிசைந்து அவள் கையில் கொடுத்துப் பார்த்தார். எத்தனை தடவை போட்டாலும் உடம்பு ஏறாது என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தார். எட்டாம் நாள் பார்த்தால் அந்தக் காய்மேல் இரண்டு கரண்டி நெய்யை விட்டுக்கொண்டிருந்தாள். "வறட்டு வறட்டுனு இருக்கு, எப்படி முழுங்கும்?"

ஒரு நாள் அவர் பொறுமை இழந்தார். அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, "போறும்! ஆறு தடவை போட்டாச்சு! அதைக் கொல்லப் போறியா?" என்று கத்தினார்.

அவள் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். நாற்பது வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. பிறகு வாசல் கதவைத் திறந்துகொண்டு மாடிப்படிக்குப் போய், எதிர் போர்ஷன் சுப்பராமனிடம் அழுதாள். "வாயில்லா ஜீவன் சார். பட்டினி போடறார். நீங்களாவது சொல்லுங்கோ." சுப்பராமனுக்கு எல்லாம் தெரியும். அவர் இவரைப் பார்த்தார், இவர் தரையைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் சூடாமணி அழுததை மறந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியவருக்குத்தான் அது மறக்கவில்லை.

வேலைக்கு வரும் முனியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில், பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"சார், நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. இந்த நாய எங்க ஊட்ல வுடு. ரெண்டு மாசம். இங்க கீற வரைக்கும் அம்மா கை சும்மா இருக்காது. எங்கிட்ட வந்தா அதுவே ஓடியாடி எளச்சிடும்."

"சூடாமணி தேடுவாளே."

"மறந்துடும்னு சொல்றியே சார். இதயும் மறந்துடும்."

அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் அவருக்கும் பட்டது. பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த கால்வாய்க்கரையில் முனியம்மாளின் வீடு. மறுநாள் ஆட்டோவில் பஞ்சுவைக் கொண்டுபோய் விட்டார். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே அது திருதிருவென்று விழித்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

சூடாமணி மறக்கவில்லை. மறக்கவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. பஞ்சு எங்கே என்று கேட்டதை மறந்தாள், அவர் சொன்ன பதிலை மறந்தாள், பஞ்சு இல்லை என்பதை மட்டும் ஒவ்வொரு மணி நேரமும் புதிதாகக் கண்டுபிடித்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பால்கனியில் நின்று கூப்பிட்டாள். டாக்டர் வீட்டில் இருக்கிறது என்றார். குளிப்பாட்டப் போயிருக்கிறது என்றார். ஒரு நாள் சலிப்பில் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது வரட்டும், அப்புறம் நான் சாப்பிடறேன்," என்பாள். தட்டு அப்படியே காய்ந்து கிடக்கும். பத்து நாளில் அவள் வளையல்கள் முழங்கை வரை ஏற ஆரம்பித்தன.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். தெருத்தெருவாக ஓடித் தேடினார். சித்திரக்குளத்துப் பக்கம் பூ விற்கும் ஜானுதான் அவளைத் தன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தாள். காலில் செருப்பில்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. மடியில் தயிர்சாதத் தட்டு.

"வண்டிங்கோ வர்ற ரோட்ல நின்னுக்கினு நாய கூப்டுக்கினு இருந்தாங்க சார். பஸ்ஸு இடிச்சிருக்கும்," என்றாள் ஜானு.

அன்று சாயங்காலமே சுப்பராமனைச் சூடாமணிக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டுக் கால்வாய்க்கரைக்குப் போனார். அவர் குரல் கேட்டதும் பஞ்சு ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தது. நடந்து வரவில்லை, ஓடி வந்தது. இரண்டு வருஷமாக அது ஓடி அவர் பார்த்ததில்லை. அழுக்கேறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. வயிறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அவர் கால்மேல் தாவியபோதுகூட இருமல் வரவில்லை.

"பாத்தியா சார்? இன்னும் ஒரு மாசம் வுட்டீன்னா குட்டி மாறி ஆயிடும்."

"கூட்டிண்டு போக வந்தேன் முனியம்மா."

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னா சார் நீ. இப்பதான ஓட ஆரம்பிச்சுக்கீது. அங்க போனா செத்துடும், உனக்கே தெரியும்."

"தெரியும்," என்றார்.

சூடாமணி தட்டோடு ரோட்டில் நின்றதை அவளிடம் சொன்னார். முனியம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து பஞ்சுவின் காதைத் துடைத்துவிட்டு, தானே தூக்கி அவரிடம் கொடுத்தாள். போகும் வழியெல்லாம் பஞ்சு அவர் முகவாயை நக்கிக்கொண்டே வந்தது. அந்த நன்றியைத் தாங்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சூடாமணி பத்தொன்பது நாள் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டாள். பக்கத்தில் பஞ்சுவும் சாப்பிட்டது. அவர் தடுக்கவில்லை. அதன் பிறகும் ஒப்புக்கு அரிசியைக் குறைத்துப் பார்த்தார், தயிரில் தண்ணீரைக் கலந்து பார்த்தார். ஆனால் அவள் தட்டை எடுத்தபோதெல்லாம் ஹாலுக்குப் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார். எழுத்து எதுவும் கண்ணில் தங்கவில்லை. சமையலறையில் தட்டு தரையில் உரசும் சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டே வாரத்தில் பஞ்சுவின் வயிறு மறுபடி தொங்கியது, வாத்துச் சத்தமும் திரும்பி வந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்த இரண்டாவது வாரம் அது நடந்தது. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பஞ்சு குளியலறைத் தரையில் பரவிப் படுத்து, வாயை முழுக்கத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. ஈரத் துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆட்டோ லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோது அந்த வாத்துச் சத்தம் ஒரு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. மடியில் கனம் அப்படியே இருந்தது. அவர் டிரைவரிடம் எதுவும் சொல்லாமல் டாக்டர் வீடு வரை போனார்.

பீர் முஹம்மது ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். "தராசுல வைக்க வேணாம் சார்," என்று மட்டும் சொன்னார். அடக்கம் செய்ய ஆளை அவரே ஏற்பாடு செய்தார்.

வெங்கடரமணன் வீட்டுக்கு வந்தபோது சூடாமணி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். துணைக்கு இருந்த முனியம்மாள் இவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். ஈரத் துண்டு மட்டும் அவர் தோளில் இருந்தது. சூடாமணி அந்தத் துண்டையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் பல மாதங்களாக அவர் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"போயிடுத்தா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. தலையை ஆட்டினார்.

"ஏன்னா... நான் நிறையப் போட்டுட்டேனா?"

மூன்று மாதமாக அவளுக்குப் புரியவைக்க அவர் படாத பாடு பட்டது இதைத்தான். எழுதி ஒட்டினார், கத்தினார், பூட்டினார். இப்போது அவளாகவே வந்து அந்த இடத்தில் நிற்கிறாள்.

"இல்லை," என்றார். "வெயில். அதுக்கும் வயசாயிடுத்து."

"ஒன்பது வயசு ஒரு வயசா?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். சூடாமணி அவர் தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதில் ஒட்டியிருந்த வெள்ளை மயிரை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. "உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் என்னால," என்றாள் மெதுவாக. அவர் துண்டின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே முனியம்மாள் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தெளிவு எந்த நிமிஷத்தில் அவளை விட்டுப் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. முனியம்மாள் வந்து விளக்கைப் போட்டபோது, சூடாமணி மடியிலிருந்த துண்டைப் பார்த்து, "இது ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாள்.