அத்தான் அழித்த வரி

…வேண்டாம், வாயைத் திறக்காதே, இன்னும் இரண்டே நிமிஷம், ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் அவர் கையாலேயே பட்டனை அழுத்தட்டும், அக்கா புருஷன் என்பதற்காக எத்தனை தடவைதான் விட்டுக்கொடுப்பது, வேலை வாங்கிக் கொடுத்தார் சரி, அதற்காக ஏழு மாதம் கண் எரிய நான் எழுதிய கம்ப்யூட்டர் கோடை "நான் பண்ணினது" என்று மேனேஜரம்மாவிடம் கூசாமல் காட்டுவாரா, ஒரே கோடு பார்ப்பவரின் பிரவுசரிலும் ஓடும், பக்கத்தை அனுப்பும் சர்வரிலும் ஓடும், இரண்டு தடவை எழுத வேண்டாம் என்று நான் சொன்னபோது "நடக்கற காரியமா" என்று சிரித்த வாய்தானே… அக்கா வேறு போனில், "உங்க அத்தான் மூளையே மூளைடி" என்கிறாள். நேற்று மத்தியானம் என் கண் முன்னால்தான் அந்த வரியை அழித்தார். "இது எதுக்கு, சும்மா எடத்தை அடைச்சிக்கிட்டு?" விண்டோ, அதாவது பக்கம் தெரியும் ஜன்னல், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லும் வரி அது. பிரவுசரில் விண்டோ எப்போதும் இருக்கும், சர்வரில் அப்படி ஒன்றே கிடையாது, இல்லாததைத் தொட்டால் சர்வர் படுத்துவிடும். பிரவுசரில் மட்டும் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஓடுது" என்றார். "ஆமாம் அத்தான்" என்றேன். எவ்வளவு பணிவு எனக்கு!

அழுத்திவிட்டார். பெரிய திரையில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கிற பக்கம் இன்று சர்வரிலிருந்து வர வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று பேரும் அந்த வெள்ளையையே பார்த்தார்கள், அத்தானின் காது மடல் சிவந்தது, மறுபடி அழுத்தினார், மறுபடி வெள்ளை, இனித்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது… "என்னாச்சு?" என்றாள் மேனேஜரம்மா. அத்தானின் விரல் என் பக்கம் நீண்டது. "கோடு அவ எழுதினதுங்க." அடப்பாவி, ஏழு மாதமாகக் கேட்கத் தவித்த வார்த்தை, அது இப்படியா வர வேண்டும்? எழுந்து போனேன், உட்காரக்கூட இல்லை, நின்றபடியே அந்த ஒரு வரியைத் தட்டினேன், டாக்டர்களின் பெயர், நேரம் எல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன, யாரோ கைதட்டினார்கள், போதும், இனி யார் எழுதியது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்…

"எங்க தப்புன்னு தேடவே இல்லையேம்மா நீ" என்றாள் மேனேஜரம்மா, சிரித்தபடிதான். "எப்படித் தெரிஞ்சுது?"

வாயைத் திறந்தேன். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, இவளா என்பது போல… ஆமாம், தெரிந்தே விட்டது நானேதான், ஆனால் நான் இப்படி ஆனது எப்போதிருந்து?