பதிவில் இருந்த அதட்டல்

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாமலே அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"அவர் நடந்ததை ஊருக்கெல்லாம் அனுப்பப் போறீங்களா?"

"ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மட்டும்தாம்மா. பேர், முகம் எதுவும் இருக்காது. குரலையும் எடுத்துடுவோம்" என்றாள் பதிவுகளைப் பாதுகாக்கும் பெண்.

நடக்கும்போது சட்டென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் வியாதி அந்த அம்மாவின் கணவருக்கு. இரண்டு வருடங்களுக்கு முன் இந்த ஆய்வுக்கூடத்தில்தான் அவரை நடக்கவிட்டுப் பதிவு செய்தார்கள். பாதத்தில் ஒரு கருவி, மார்பில் ஒன்று, சட்டைக் காலரில் சின்ன மைக். மூன்றும் ஒரே நொடியைக் காட்டும்படி இணைத்துச் சேமிப்பது இவளுடைய வேலை. அவர் இறந்து ஐந்து மாதமாகிறது. இனி மனைவி சம்மதித்தால்தான் பதிவு வெளியே போகும்.

"குரலை எடுத்துடுங்க, அதான் நல்லது. முழுக்க என் அதட்டல்தான் இருக்கும். கடைசி வரைக்கும் அந்த மனுஷனை விரட்டிக்கிட்டேதான் இருந்தேன். இப்போ நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

ஆறுதல் சொல்ல இவளுக்கு வராது. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிப் பதிவை ஓடவிட்டாள்.

பாதத்தின் அசைவைக் காட்டும் கோடு ஏறி இறங்கி வந்து, தட்டையாக நின்றுவிட்டது. கீழே இதயத்தின் கோடு படபடத்தது. அப்போது அந்த அம்மாவின் குரல், எரிச்சலோடு: "அங்கேயே என்ன வேடிக்கை? வலது காலைத் தூக்குங்க. ம்!"

பாதத்தின் கோடு எழுந்தது.

"பதினொரு தடவை நின்னுருக்கார்மா. நீங்க சத்தம் போட்ட ஒன்பது தடவையும் உடனே கால் எழுந்திருக்கு, படபடப்பும் அடங்கியிருக்கு. மத்த ரெண்டு தடவை நீங்க தண்ணி குடிக்கப் போயிருந்தீங்க."

அந்த இடத்தையும் போட்டாள். பாதத்தின் கோடு தட்டையாகவே நீண்டது. பிறகு ஒரு கரகரத்த குரல், யாரிடமோ: "எங்க போயிட்டா இவ?"

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைய, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"குரலை எடுத்துட்டா, கால் எதனால எழுந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா."

"அப்போ அதுவும் போகட்டும். திட்டுனது திட்டுனபடியே போகட்டும்."

குரலுக்குத் தனித் தாள் இருந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை போடும்மா."

இவள் முதலிலிருந்து ஓடவிட்டாள். அந்த அம்மா திரையில் விரலை வைத்து, பாதத்தின் கோட்டோடு கூடவே நகர்த்திக்கொண்டு போனார். கோடு தட்டையான இடத்தில் விரலும் நின்றது.